ஹார்னம்மாவைப் பொய்க்காரி ஆக்கிய மைக் செட்

1. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்

கயல்விழி முதல்முறை என் கடைக்கு வந்தபோது, நான் பதினெட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வாய்ஸ் காயில் மாற்றிக்கொண்டிருந்தேன். சின்னசேலத்தில் மைக் செட் வரதராசு கடை எது என்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றும் திருவிழா, கருமாதி என்று முப்பத்தைந்து வருடம் மைக் செட் போட்டவன் நான். கூம்பு ஹார்னில் தொடங்கி டிஜிட்டல் மிக்ஸர் வரை பார்த்தாயிற்று. எந்த ஸ்பீக்கர் யூனிட் கருகப் போகிறது என்பதை அது கருகுவதற்கு முன்பே காதால் சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் கையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்தது. ஒயர் பிய்ந்து தொங்கியது.

"அண்ணா, இது கத்த மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக் குடுங்க. கொரங்குக்குப் போட்டுக் காட்டணும்."

"இன்னாது, கொரங்குக்கா? அது எந்தக் கட்சிம்மா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு இந்தப் பக்கம், ஒரு நாட்டுக் குரங்குக் கூட்டத்தை வனத்துறை அனுமதி வாங்கி இரண்டு வருடமாகக் கவனித்து வருவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. குரங்கிடம் கவனிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"கூட்டமா வாழுற மிருகத்துக்கு மூளைல குரலுக்குன்னே ஒரு எடம் இருக்குதுண்ணா. நமக்கும் இருக்குது, கொரங்குக்கும் இருக்குது. இங்க, காதுக்கு உள்பக்கம்." பொட்டுக்கும் காதுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினாள். "ஒரு சத்தம் வந்தா, இது நம்ம ஆளா, நம்ம ஆளுல யாருன்னு அங்க பிரிச்சிடும். யாருன்னு தெரிஞ்சாதான் அத நம்பி ஓடலாமா வாணாமான்னு முடிவு பண்ண முடியும்."

"இதுக்கா ரெண்டு வருஷம்? எங்க மிக்ஸர் அதத்தான பண்ணுது" என்று மிக்ஸரை இழுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சேனல். ஒவ்வொரு சேனலுக்கும் ஃபேடர் என்று ஒரு குமிழ். மேலே தள்ளினால் அந்த ஆள் முணுமுணுத்தாலும் ஊருக்கே கேட்கும். கீழே இறக்கிவிட்டால் அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் வெளியே போகாது. மேடையில் சில பேருக்கு அப்படி இறக்கி வைத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

கயல்விழி நோட்டைப் பிரித்து நான் சொன்னதை எழுதிக்கொண்டாள். படித்த பெண் என் பேச்சைக் கேட்டு எழுதியதை அன்று சாயங்காலம் என் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன்.

"இந்த டப்பால போட்டா கொரங்கு கொரங்கா வராது, தவளையாத்தான் வரும்" என்று அவள் ஸ்பீக்கரை ஒதுக்கி வைத்தேன். கீச்சுக் குரலைச் சுத்தமாகக் கொடுக்கிற நல்ல ட்வீட்டர் உள்ள சின்ன ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு மறுநாள் நானே அவளுடன் மலையடிவாரத்துக்குப் போனேன். பெரிய ஆர்டர்களை என் மச்சானிடம் விட்டுவிட்டு, அந்த வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2. பத்தொன்பதாம் நாள்

கூட்டத்தில் இருபத்தாறு குரங்குகள். நடு வகிடு எடுத்து வாரிவிட்டது போல் தலைமயிர் உள்ள ஜாதி. கயல்விழி அவற்றுக்கு எஃப் த்ரீ, ஜே ஃபைவ் என்று நம்பர் போட்டிருந்தாள். எனக்கு அது பஸ் நம்பர் மாதிரி இருந்ததால் நானே பேர் வைத்துவிட்டேன்.

வயதான பெண் குரங்கு ஒன்று. இடது காது கிழிந்திருக்கும். ஆலமரத்தின் உச்சிக் கிளைதான் அதன் இடம். நாயோ சிறுத்தையோ கண்ணில் பட்டால் ஒரே ஒரு தடவை "க்யாஹ்" என்று கத்தும். பேஸ் கிடையாது, முழுக்க ட்ரெபிள். பழைய கூம்பு ஹார்ன் போல அந்தக் குரல் நேராகப் போய்க் குத்தும். அதற்கு ஹார்னம்மா என்று பேர் வைத்தேன். இன்னொன்று இரண்டு வயது ஆண் குட்டி. மயிலைப் பார்த்தால் கத்துவான், குடையைப் பார்த்தால் கத்துவான், காற்றில் உருண்டு போகிற பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்தாலும் கத்துவான். அவன் கீச்சான்.

"கவனிச்சீங்களாண்ணா? ரெண்டும் ஒரே கத்தல்தான். ஹார்னம்மா கத்துனா இருபத்தஞ்சும் மரத்துல இருக்குது. கீச்சான் கத்துனா ஒண்ணு கூட திரும்பிப் பாக்கல" என்றாள் கயல்விழி.

"அவன் ஃபேடர எல்லாரும் எறக்கி வெச்சிகினு இருக்குதுங்க."

"அதேதான். ஒவ்வொருத்தர் குரலுக்கும் எவ்ளோ மரியாதன்னு மண்டைக்குள்ள கணக்கு இருக்குது. பொறக்கும்போதே வர்றதில்ல. யாரு சொன்னது நெசமாச்சின்னு பாத்துப் பாத்து ஏத்துதுங்க, எறக்குதுங்க. அத நான் நிரூபிச்சிக் காட்டணும்."

நிரூபிக்க வேண்டுமென்றால், கத்துகிற குரங்கைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுக் கூட்டம் என்ன செய்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு ஹார்னம்மாவின் குரல் சுத்தமாகப் பதிவாக வேண்டும். அவளோ அவசியம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள். மயிர் உறை போட்ட நீள மைக்கைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு நாள் ஆலமரத்துக்கு எதிரே புதரில் உட்கார்ந்தேன். எறும்பு கடித்ததுதான் மிச்சம்.

பத்தொன்பதாம் நாள் காலை ஓடைப் பக்கமிருந்து ஊர் நாய்கள் நான்கு வந்தன. ஹார்னம்மா எழுந்து நின்றாள். நான் லெவலை ஒரு புள்ளி குறைத்தேன். காற்று நின்றிருந்தது. அவள் கத்தினாள். பீக் ஆகிக் குரல் உடையவில்லை, இரைச்சல் இல்லை, பின்னால் ஒரு காக்கை கூட இல்லை. எத்தனையோ நாதஸ்வரக்காரர்களைப் பதிவு செய்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான பதிவு, எங்கள் பாஷையில் டேக், என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஹெட்போனில் கேட்டுவிட்டுக் கயல்விழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒன்றரை செகண்ட் சத்தத்தை என் செல்போனுக்கு ரிங்டோனாகவும் வைத்துக்கொண்டேன்.

3. எக்கோ

அடுத்து நான் செய்ததை எந்த மைக் செட்காரனும் செய்திருப்பான். மெமரி கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மிக்ஸரில் போட்டேன். கொஞ்சம் பேஸ் ஏற்றினேன். கொஞ்சம் எக்கோ கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் எக்கோ இல்லாமல் மைக் கொடுத்தால், "இன்னாய்யா, செட்டு செத்துப் போச்சா?" என்று கேட்பார்கள். முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

மறுநாள் பாக்ஸைப் புதரில் மறைத்து வைத்து அதைப் போட்டோம். ஒரு குரங்கும் ஏறவில்லை. நான்கைந்து தலை நிமிர்ந்தன. பிறகு ஒரு ஆண் குரங்கு நிதானமாக இறங்கி வந்து, பாக்ஸை மோந்து பார்த்து, அதன்மேல் மூத்திரம் விட்டுப் போனது. என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு விமர்சனம் வந்ததே இல்லை.

கயல்விழி லேப்டாப்பில் சத்தத்தின் படத்தைப் பார்த்தாள். கோடுகளுக்குப் பின்னால் நிழல் மாதிரி இன்னும் சில கோடுகள் விழுந்திருந்தன.

"அண்ணா, எக்கோ போட்டீங்களா?"

"லேசாத்தாம்மா."

"உங்க காதுக்கு அது அழகு. அதுங்களுக்கு அது ஹார்னம்மாவே இல்ல. யாரோ ஒரு வேத்தாளு. வூட்டுல அக்கா போன் பண்ணா, பேரு சொல்லாமலே உங்களுக்குத் தெரியுதுல்ல? அந்த அடையாளத்த நீங்க அழிச்சிட்டீங்க."

எனக்கு நன்றாக உறைத்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் 'ம்' என்ற ஒரு சத்தத்திலேயே மனைவி கோபமாக இருக்கிறாளா இல்லையா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். பத்து நாள் இடைவெளி விட்டு, கை படாத டேக்கைப் போட்டோம். பாக்ஸிலிருந்து "க்யாஹ்" என்று ஒரே ஒரு குரல். கயல்விழியின் ஸ்டாப் வாட்ச்சில் இரண்டு செகண்ட் ஆவதற்குள் தரையில் ஒரு குரங்கு இல்லை. நாயும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் என் பாக்ஸ். அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை மறைக்கப் போவதில்லை.

4. ரிப்பீட்

அதை அஞ்சலை பார்த்துவிட்டாள். அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்த பெண். காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கதிர் பால் பிடிக்கும் நேரம். காவல் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டித் தட்டி அவள் கை காய்த்துப் போயிருந்தது. குரங்குகள் அந்தத் தகரத்தை மதிப்பதே இல்லை.

"அந்தச் சத்தத்த எங்குளுக்கும் குடுங்கம்மா. கூலிக்கே போய்க்கினு இருந்த ஜனம் நாங்க. இந்த வருசந்தான் எங்குளுதுன்னு ஒரு வெள்ளாம. அதயும் பாதி கொரங்கே துன்னுட்டுப் போவுது" என்று கயல்விழியிடம் கேட்டாள்.

"தகரம் போனா வேற தகரம் வாங்கலாங்கக்கா. ஹார்னம்மா குரலு அப்பிடி இல்ல" என்றாள் கயல்விழி. "நாயே இல்லாதப்ப அவ குரலப் போட்டுக்கினே இருந்தா, கூட்டம் அவள நம்பாம போயிடும். அப்பறம் நெசமா நாய் வந்து அவ கத்துனாலும் ஒண்ணும் ஏறாது. நானே பத்து நாளைக்கு ஒருதரந்தான் போடுறேன். அதுவும் பயந்துகினேதான் போடுறேன்."

எல்லாம் என் காதிலும் விழுந்தது. விழுந்தும் செய்தேன். கயல்விழி ஒரு வாரம் சென்னைக்குப் போனாள். அவள் பஸ் ஏறிய மறுநாளே அஞ்சலையின் மோட்டார் கொட்டாய் மேல் ஒரு ஹார்னைக் கட்டி, ஆம்ப்ளிஃபயரைக் கொட்டாய்க்குள் வைத்து, அந்த டேக்கை ரிப்பீட்டில் போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தும். அஞ்சலைமேல் இரக்கம் பாதி. என் டேக் என் ஹார்னில் ஊர் கேட்க முழங்க வேண்டும் என்ற ஆசை மீதிப் பாதி. அதுதான் உண்மை.

எங்கள் ஊர்களில் ரிப்பீட் என்பது யாருக்கும் புதிதில்லை. மீன் வண்டி, உப்பு வண்டி, பழைய இரும்பு வண்டி எல்லாம் ரெக்கார்ட் செய்த குரலைத்தான் ஓட்டிக்கொண்டு போகின்றன. திரும்பத் திரும்பச் சொன்னால்தான் ஜனங்கள் காதில் ஏறும் என்று நான் நம்பியிருந்தேன்.

இரண்டு நாள் ஒரு குரங்கு கூட சோளக்காட்டுக்குள் இறங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து, "எங்குளுக்கும் ஒண்ணு கட்டுங்கண்ணா" என்று வரிசையில் நின்றார்கள். டீக்கடையில் எனக்கு ராஜ மரியாதை. மூன்றாம் நாள் நான்கு குரங்கு இறங்கின. நான்காம் நாள் ஒரு குரங்கு ஹார்ன் மேலேயே உட்கார்ந்து கதிரை உரித்துத் தின்றது. வால்யூமைக் கூட்டினேன். அது வாலை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டது.

ஆலமரத்து உச்சியில் ஹார்னம்மா என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். தன் குரல் எங்கிருந்தோ வருவதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அதைப் பார்த்தும் நான் ஒயரைப் பிடுங்கவில்லை. ஊரே என்னைப் புகழ்ந்து கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலை, சொன்ன நாளுக்கு முன்பே, கயல்விழி வந்து சேர்ந்தாள். வரப்பில் நடந்து வரும்போதே ஹார்ன் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஓடைப் பக்கமிருந்து அதே நான்கு நாய்கள் வந்தன.

ஹார்னம்மா கத்தினாள். இது நிஜக் குரல். கூட்டம் காட்டில் கதிர் தின்றுகொண்டிருந்தது. ஒன்றும் அசையவில்லை. அவள் மறுபடி கத்தினாள். மறுபடியும். ஒரு தடவைக்கு மேல் கத்தி நான் பார்த்தே இராத அந்தக் கிழவி, கிளை கிளையாக இறங்கி வந்து தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு தாய்க் குரங்கு மட்டும் நிமிர்ந்து ஹார்னைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டது. நாய்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சிதறி ஓடின. கீச்சான் பிந்திவிட்டான். ஒரு நாய் அவன் பின்னங்காலைக் கவ்வியது. அஞ்சலை பரணிலிருந்து குதித்து மண்வெட்டியோடு ஓடியதால்தான் உயிர் பிழைத்தான்.

நான் போய் ஒயரைப் பிடுங்கினேன். 

கயல்விழி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "நீங்கதானண்ணா ஃபேடர்னு சொன்னீங்க? இருபத்தஞ்சு மண்டைல அவ ஃபேடர எறக்கிட்டீங்க. அத மேல ஏத்துறதுக்கு உங்க மிக்ஸர்ல பட்டன் இருக்குதா, சொல்லுங்க."

 முப்பத்தைந்து வருடத்தில் என்னால் ஒரு கூட்டம் கலைந்ததில்லை, ஒரு மேடை நின்றதில்லை. காட்டில் ஒரு கிழவியின் வார்த்தையைக் கெடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் கடைக்குப் போகாமல் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன். சோறு இறங்கவில்லை.

5. நாய் மேய்த்தது

மறுநாள் காலையே திரும்பிப் போனேன். இன்னொருவன் என்றால் மலைப் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டான். கெடுத்தவன்தான் சரி செய்ய வேண்டும் என்று கயல்விழியிடம் சொன்னேன். அவள் நோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"எறங்குன மாதிரியேதான் ஏறணும். அவ கத்தும்போதெல்லாம் அது நெசமா இருக்கணும். கத்துனா, அங்க நாய் இருக்கணும். அதப் பாக்கப் பாக்க மூளை அவ கணக்க மாத்திக்கும். எத்தன நாளாகும்னு தெரியாது. ஆகாமலே போனாலும் போவும்."

"நாய்க்கு எங்க போறது? ஊர் நாய வுட்டா கடிச்சிடும்."

பக்கத்தில் நின்ற அஞ்சலை, "எங்க டைகர இட்டுக்கினு போங்கண்ணா" என்றாள். "என் வெள்ளாமைக்கு ஆசப்பட்டுத்தான அந்த வாயில்லா ஜீவன் கால ஒடிச்சிகினு கெடக்குது."

வனத்துறை ஆளிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தோம். டைகர் என்பது பேர்தான், சோம்பேறித்தனத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கழுத்தில் கயிறு கட்டி, எப்போதும் எட்டாத தூரத்தில், ஆனால் ஹார்னம்மா கண்ணில் படுகிற மாதிரி, சரிவில் அவனை நடத்திக்கொண்டு போவது என் வேலை. மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு பக்கத்திலிருந்து. தொண்ணூறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு முள்ளுக்குள் நாயோடு போனேன். டீக்கடையில் எனக்கு ராஜ மரியாதை கொடுத்தவர்களே, "இன்னாண்ணா, செட்ட வித்துட்டு நாய் மேய்க்கிறீங்களா?" என்றார்கள். "ஆமா, கொரங்குக்குப் பாடம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் தடவை ஹார்னம்மா கத்தினாள். ஒருவரும் மதிக்கவில்லை, நாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏறின. இரண்டாவது தடவை ஒரு தாய்க் குரங்கு நிமிர்ந்து, அவள் பார்க்கிற திசையைப் பார்த்தது. டைகர் தெரிந்தான். அது ஏறியது. மூன்றாவது தடவை ஆறு குரங்கு திரும்பிப் பார்த்தன. ஹார்னம்மா கத்தியதிலிருந்து கூட்டம் முழுக்க மரம் ஏறும் வரை கயல்விழி விநாடி எண்ணி எழுதினாள். இருபது விநாடி, பதினைந்து, பதினொன்று. மிக்ஸரில் நான் பார்த்த எந்த மீட்டரும் இவ்வளவு மெதுவாக ஏறியதில்லை.

நான்காவது தடவை நான் டைகரோடு சரிவில் இன்னும் இறங்கவில்லை, பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் "க்யாஹ்" என்று ஹார்னம்மா கத்தினாள். என் மச்சான் போன் பண்ணியிருந்தான். ரிங்டோனை மாற்ற மறந்திருந்தேன்.

மூன்று குரங்கு மரமேறி நாயைத் தேடின. நாய் தெரியவில்லை. இறங்கி வந்து தின்ன ஆரம்பித்தன. எழுதிக்கொண்டிருந்த கயல்விழி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.  நான் அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து, போனில் இருந்ததை அழித்தேன். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். மெமரி கார்டை அழிக்கும் முன் ஒரு தடவை ஹெட்போனில் கேட்டேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த டேக். ஆராய்ச்சிக்கு வேண்டியது கயல்விழியிடம் பூட்டி இருக்கிறது. எனக்கு அந்தக் குரலை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று தோன்றியது. அழித்துவிட்டேன்.

பிறகு முதலிலிருந்து. மறுபடி இருபது விநாடி, மறுபடி பதினைந்து. மற்ற நாட்களில் அஞ்சலை காட்டு ஓரத்தில் நீளக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, டைகரின் கயிற்றை அதில் வளையம் போட்டு மாட்டியிருந்தாள். அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடப்பான். மரத்திலிருந்து ஹார்னம்மா அவனைப் பார்த்துக் கத்துவாள். குரங்குகள் இறங்க யோசிக்கும். ஓரத்து வரிசைகள் போனது போனதுதான், உள்ளே இருந்த கதிர் முற்றி அறுப்புக்கு வந்தது. அறுத்த அன்று அஞ்சலை அவித்த கதிர் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்து கதிரை டைகருக்கே போட்டாள்.

அறுப்பு முடிந்த பத்தாம் நாள் காலை. அன்று டைகருக்கு வேலை இல்லை. கயல்விழி சும்மா கூட்டத்தை எண்ண வந்தாள், நானும் வந்தேன். குரங்குகள் அறுத்த காட்டில் சிந்திய மணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. கீச்சான் நொண்டிக்கொண்டே எல்லோருக்கும் கடைசியில், மரத்திலிருந்து ரொம்ப தூரத்தில் இருந்தான். ஓடைப் பக்கம் புல் அசைந்தது. எனக்கு நாய் தெரியவில்லை. கயல்விழிக்கும் தெரியவில்லை.

ஹார்னம்மா ஒரு தடவை கத்தினாள்.

இருபத்தைந்தும் ஓடின. ஒன்று கூட நின்று நாய் எங்கே என்று பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் கிளம்பியவன் கீச்சான்தான். மூன்று காலில் ஓடி, அடிமரத்தைப் பிடித்து, முதல் கிளைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் நான்கு நாய்களும் புல்லுக்குள்ளிருந்து வெளியே வந்தன. கீச்சான் அந்த இடத்திலேயே நின்றிருந்தால் தப்பியிருக்க முடியாது.

"ரெண்டு செகண்டுண்ணா" என்றாள் கயல்விழி. 

நான் கைதட்டிவிட்டேன். என்னிடம் அன்று மைக் இல்லை, ரெக்கார்டர் இல்லை, ஒரு முழ ஒயர் கூட இல்லை. எத்தனையோ ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில் கடைசி வரிசை வரைக்கும் குரலைக் கொண்டுபோயிருக்கிறேன். அதற்கெல்லாம் படாத பெருமை எனக்கு அன்று பட்டது. நாய்கள் போன பிறகும் ஒரு குரங்கும் இறங்கவில்லை. ஹார்னம்மா இறங்கும் வரை எல்லாம் காத்திருந்தன.

தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வாட்ஸ் கூட்டினால் சத்தம் போகும் தூரம்தான் கூடும். ஒருவர் குரலைக் கேட்டு ஜனம் எழுந்திருப்பது, அவர் இதுவரை சொன்னது எத்தனை நிஜமானது என்பதைப் பொறுத்தது. அதை நம்மால் ஏற்ற முடியாது, கெடுக்க மட்டும் முடியும். இப்போது எந்த ஊரில் ரெக்கார்ட் செய்த எச்சரிக்கையை நாள் முழுக்க ரிப்பீட்டில் போடச் சொன்னாலும் நான் போடுவதில்லை. தேவைப்படும்போது ஊரில் நம்பிக்கையான ஆள் ஒருவரை அழைத்துவந்து மைக்கைக் கொடுக்கச் சொல்கிறேன்.

அன்று திரும்பி வரும் வழியில் கயல்விழி கேட்டாள். "அண்ணா, சென்னைல இதப் பத்திப் பேசப் போறேன். உங்க பேரச் சொல்லட்டுமா?"

"நான் பண்ண தப்பயுமா சொல்லுவ?"

"அதச் சொல்லாம இது இல்லியேண்ணா."

நான் ஒரு தடவை ஆலமரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லும்மா. எல்லாத்தயும் சொல்லு. கடைசில அவ ஒருதரம் கூப்புட்டதும் அத்தினியும் ஏறிச்சில்ல, அத மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லு."